எலி வகுப்பில் யாருக்குச் சோதனை?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் செல்லப் பிராணியாக ஓர் எலியை வளர்ப்பது சட்டப்படி குற்றம். 1950-இல் கிழக்கு எல்லை வழியாகப் பழுப்பு எலிகள் நுழையத் தொடங்கியதும், அவற்றை ஊருக்குள் விடுவதில்லை என்று மாகாண அரசு முடிவெடுத்தது. எல்லையோரப் பண்ணைகளைச் சுற்றிவந்து எலி இருக்கிறதா என்று பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஆட்கள் அங்கே இன்றும் உண்டு. உயிரியல் பூங்கா, பல்கலைக்கழகம், ஆய்வகம் போன்றவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. வேடிக்கை என்னவென்றால், எலி எப்படி நடக்கிறது, எப்படிக் கை நீட்டித் தீனியைப் பற்றுகிறது, பயந்தால் என்ன செய்கிறது என்பதையெல்லாம் உலகத்துக்கு எடுத்துச்சொல்லும் முக்கியமான இடங்களில் ஒன்று அதே மாகாணத்தில்தான் இருக்கிறது: லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே பணியாற்றிய இயன் விஷா, பிரையன் கோல்ப் இருவரும் பதிப்பித்த ஆய்வக எலியின் நடத்தைக் கையேட்டை 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. தலையணை கனமுள்ள புத்தகம்.

ஓர் எலியைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இருக்கிறதா? உளவியலிலோ மருந்தியலிலோ நரம்பியலிலோ முனைவர் பட்டத்துக்குச் சேரும் மாணவர் கட்டுகட்டாக ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் வருகிறார். எலிகள் புதிர்ப்பாதையில் விடப்பட்டன, உணவை அடைய அவை எடுத்துக்கொண்ட நேரம் குறிக்கப்பட்டது என்று அவற்றில் ஒரு வரி இருக்கும். விட்டது யார், எப்படித் தூக்கி விட்டார், பகலிலா இரவிலா, அன்று காலை என்ன சோப்பு போட்டுக் குளித்தார் என்பதெல்லாம் அந்த வரியில் இராது. எலி நடத்தை வகுப்பின் பெரும்பகுதி, அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடப்பதை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான்.

முதல் பாடம் கைக்கு. எலியை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வாலின் தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி விரல்களைக் கொடுத்து, பின்னங்கால்களுக்கு அடியில் இன்னொரு கையைத் தாங்கலாக வைத்துத் தூக்க வேண்டும். அழுத்தவும் கூடாது, விலா விரிய இடமில்லாவிட்டால் அதற்கு மூச்சுத் திணறும். புதிய மாணவரின் கை பாதி தூரம் போய் நிற்கும், பின்வாங்கும், மறுபடி நீளும். அந்தத் தயக்கம்தான் எலியை மிரள வைக்கிறது. ஆகவே எந்தச் சோதனையும் தொடங்குமுன் ஒவ்வோர் எலியையும் தினமும் சில நிமிடங்கள் கையில் எடுத்துப் பழக்குவது வழக்கம். இதைத் தவிர்த்துவிட்டுப் புதிர்ப்பாதைக்குப் போகும் மாணவர் எலியின் நினைவாற்றலை அளப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். தாளில் பதிவாவது அவர் கையின் மேல் எலிக்குள்ள பயம்.

சில நாளில் இன்னொரு பீதி வரும். எலியின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஏதோ வழிந்திருக்கும். ரத்தம் என்று மாணவர் ஓடிவருவார். கண்ணுக்குப் பின்னால் உள்ள ஹார்டேரியன் சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி அது. நலமாக உள்ள எலி முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பதால் அது கண்ணில் படாது. வெளியே தெரியும் அளவுக்குத் தேங்கினால் எலிக்கு நோவோ மன அழுத்தமோ இருக்கலாம். இந்தக் குறிகளை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் பேராசிரியராக இருப்பதில்லை. தினமும் கூண்டு மாற்றித் தண்ணீர் வைக்கும் பணியாளராகவே இருப்பார். நல்ல ஆசிரியர்கள் மாணவர்களை முதலில் அவரிடம்தான் அனுப்புவார்கள்.

கைப்பழக்கத்தில் கொஞ்சம் விளையாட்டும் சேர்ந்தது 1990-களின் பிற்பகுதியில். அமெரிக்காவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் யாக் பாங்க்செப், வௌவால் ஒலிகளைக் கேட்கப் பயன்படும் கருவியை எலிக்கூண்டின் அருகே வைத்தார். எலிகளைக் கிச்சுகிச்சு மூட்டும்போது 50,000 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சொலி மழையாகப் பொழிந்தது. மனிதக் காதுக்கு 20,000-க்கு மேல் கேட்காது. எலிகள் அச்சத்திலும் வேதனையிலும் எழுப்பும் ஒலி வேறு. அது 22,000 ஹெர்ட்ஸ் அளவில் நீண்டு ஒலிக்கும். கிச்சுகிச்சு மூட்டிய கையைத் தேடி எலிகள் ஓடிவந்தன. எலி சிரிக்கிறது என்று சொன்னதற்காகப் பாங்க்செப் நிறையக் கிண்டலைக் கேட்டார். இன்று அது ஒரு பயிற்சி முறையாகவே ஆகிவிட்டது: பிடரியில் விரல்களால் துழாவி, மெல்லப் புரட்டி, வயிற்றில் கிச்சுகிச்சு. நாளுக்கு 15 விநாடி, மூன்று நாள் செய்தாலே எலி மனிதக் கைக்குப் பழகிவிடுகிறது என்று பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு காட்டியது.

கைக்கு அடுத்தது மனம், மாணவரின் மனம்.

ராபர்ட் ரோசென்தால் 1956-இல் லாஸ் ஏஞ்சலஸில் தன் முனைவர் பட்ட ஆய்வை முடித்தபோது ஒரு சங்கடத்தைக் கண்டார். சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே அவருடைய குழுக்களுக்கிடையே வேறுபாடு இருந்தது, அதுவும் அவர் எதிர்பார்த்த முடிவுக்குச் சாதகமான திசையில். தெரியாமலேயே தான் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று சந்தேகித்தார். வேறொருவர் கணக்கைக் கொஞ்சம் சரிக்கட்டிவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். ரோசென்தால் அந்தச் சந்தேகத்தையே தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார்.

வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் அவரும் கெர்மிட் ஃபோடும் சோதனை உளவியல் படித்த 12 மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து எலிகள் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம், உங்கள் எலிகள் புதிர்ப்பாதையில் சூட்டிகையான பரம்பரை என்றார்கள். மீதிப் பேரிடம், உங்களுடையவை மந்தமான பரம்பரை என்றார்கள். உண்மையில் அறுபதும் ஒரே கூட்டத்துச் சாதாரண எலிகள். எது யாருக்கு என்பது குலுக்கலில் முடிவானது. பாதை டி எழுத்து வடிவில் இருந்தது. ஒரு கை வெள்ளை, மறு கை அடர்சாம்பல். அடர்நிறக் கைக்குள் போனால் தீனி. இரு கைகளும் இடம் மாற்றி மாற்றி வைக்கப்படும். நாளுக்குப் பத்து ஓட்டம், ஐந்து நாள்.

சூட்டிகை என்று பெயரிடப்பட்டவை ஒவ்வொரு நாளும் முந்தின. மந்தம் என்ற பெயர் பெற்றவை தொடக்க இடத்தைவிட்டு நகரவே மறுத்தது 29 சதவீத ஓட்டங்களில். மற்றவை மறுத்தது 11 சதவீதத்தில் மட்டுமே. பிறகு மாணவர்களிடம் கேட்டபோது, சூட்டிகை எலிகளை வைத்திருந்தவர்கள் தங்கள் எலிகள் இனிமையானவை என்றார்கள். அவற்றை அதிகம் கையில் எடுத்ததாகவும், மென்மையாக எடுத்ததாகவும் சொன்னார்கள். முடிவுகள் 1963-இல் வெளியாயின. எலியின் நெற்றியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மாணவரின் தலையில் எழுதப்பட்டது கை வழியாக எலிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். ஐந்தாண்டு கழித்து ரோசென்தால் இதே கேள்வியைப் பள்ளிக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரை உயர்த்துமா என்ற அந்த ஆய்வு எலி ஆய்வைவிடப் பன்மடங்கு புகழ் பெற்றது, பன்மடங்கு சண்டையையும் கிளப்பியது. எலி ஆய்வும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. இந்த வகை ஆய்வுகளின் புள்ளியியல் போதாது என்று 1968-இல் தியோடர் பார்பரும் மாரிஸ் சில்வரும் விரிவாக எழுதினார்கள். வகுப்பில் இரண்டையும் சேர்த்துப் படிக்கக் கொடுப்பதே நியாயம்.

சூட்டிகை, மந்தம் என்ற கதையை மாணவர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. பெர்க்லியில் ராபர்ட் டிரையான் என்பவர் உண்மையாகவே அப்படி இரு பரம்பரைகளை உருவாக்கியிருந்தார். புதிர்ப்பாதையில் குறைவாகத் தவறு செய்த எலிகளைத் தங்களுக்குள்ளும், அதிகம் தவறியவற்றைத் தங்களுக்குள்ளும் இணைசேர்த்துப் பல தலைமுறைகள் வளர்த்ததில் இரு கூட்டமும் பிரிந்து நின்றன. 1940-இல் அவர் அதை விரிவாக வெளியிட்டபோது அறிவு பிறவியிலேயே வருவது என்பதற்குச் சாட்சி கிடைத்ததாகப் பலர் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1949-இல் லாயிட் சேர்ல் அதே எலிகளை வேறு வேலைகளில் சோதித்தார். ‘மந்தங்கள்’ எல்லாவற்றிலும் மந்தமாக இல்லை. டிரையானின் பாதையில் இருந்த இயந்திரக் கதவு போன்ற பொறிகளைக் கண்டு மிரள்பவையாக அவை இருந்தன. 1958-இல் கூப்பரும் ஸூபெக்கும் இரு பரம்பரைக் குட்டிகளையும் விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த கூண்டுகளில் வளர்த்தார்கள். வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. ஒன்றுமில்லாத வெறுங்கூண்டில் வளர்த்தபோதும் மறைந்தது, இரண்டும் சேர்ந்து மந்தமாகின. பல தலைமுறை இனவிருத்தியில் தேர்ந்தெடுக்கப்பட்டது பயமா அறிவா என்று சேர்ல் கேட்கும்வரை ஒன்பது ஆண்டு ஆயிற்று.

பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும். இங்கேதான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பாங்க்செப் ஒருமுறை தன் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் 16 பேருக்கு ஆளுக்கு இரண்டு எலிகளைக் கொடுத்தார். ஒன்று இயல்பான எலி. மற்றதற்குப் பிறந்த சில நாளிலேயே பெருமூளைப் புறணி அகற்றப்பட்டிருந்தது, அதாவது சிந்தனைக்கு இருப்பிடம் என்று நாம் எண்ணும் பகுதியே இல்லை. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு எது எது என்று சொல்ல வேண்டும். 16 பேரில் 12 பேர் புறணி இல்லாததையே இயல்பான எலி என்றார்கள். அது சுறுசுறுப்பாக ஓடியாடியது. இயல்பான எலியோ புது இடத்தில் எந்த எலியும் செய்வதுபோல ஜாக்கிரதையாக ஒதுங்கி நின்றது. துறுதுறுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்று மனிதர்கள் வைத்திருக்கும் கணக்கு எலிக்குச் செல்லவில்லை.

எனவே மாணவர்களுக்கு முதலில் கொடுக்கப்படுவது ஒரு பட்டியல் தயாரிக்கும் வேலை. பின்னங்காலில் எழுந்து நின்றது, சுவரை ஒட்டி நடந்தது, முகம் கழுவியது, உறைந்து நின்றது, மோந்து பார்த்தது என்று ஒவ்வொரு செயலுக்கும் வரையறை எழுத வேண்டும். முன்கால் எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்தால் ‘எழுந்து நின்றது’ என்று கணக்கு? ஒரே காணொளியை இருவர் தனித்தனியே பார்த்துக் குறித்து ஒப்பிடுவார்கள். முதல் முறை இரு தாள்களும் வெவ்வேறு எலிகளைப் பற்றியவைபோல இருக்கும். வரையறையைத் திருத்தி, மறுபடி பார்த்து, உடன்பாடு ஒரு மட்டத்துக்கு வரும்வரை இது ஓடும். சலிப்பான வேலைதான், சந்தேகமில்லை. இப்போது கேமராவும் கணினியும் எலியின் மூக்கு, வால், பாதம் எல்லாவற்றையும் தானே பின்தொடர்கின்றன. ஆனால் எதை எழுந்து நிற்பது என்று கொள்ள வேண்டும் என்பதை அந்த மென்பொருளுக்கும் யாரோ ஒருவர் சொல்லித்தான் தர வேண்டும்.

பட்டியலில் ‘சோகமாக இருந்தது’ என்று எழுத அனுமதி கிடையாது. காரணம் சொல்ல ஓர் உதாரணம் போதும். ரோஜர் போர்சோல்ட் 1977-இல் அறிமுகப்படுத்திய நீச்சல் சோதனையில், வெளியேற வழியில்லாத நீர்க்குடுவையில் விடப்பட்ட எலி சிறிது நேரம் நீந்தித் தவித்துவிட்டு அசையாமல் மிதக்கும். மனச்சோர்வு மருந்து கொடுத்தால் மிதக்கும் நேரம் குறைந்தது. எலி நம்பிக்கையிழந்துவிட்டது என்று இதைப் படித்தார்கள். பல பத்தாண்டுகள் மருந்து ஆய்வுகள் இந்த வாசிப்பில் நடந்தன. நீந்திப் பயனில்லை என்று கற்றுக்கொண்ட எலி சக்தியை மிச்சப்படுத்துகிறது, அது புத்திசாலித்தனம் என்று மறுதரப்பு சொல்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடியது, இத்தனை விநாடி அசையாமல் மிதந்தது என்ற குறிப்பை மட்டுமே. இன்று இந்தச் சோதனையைக் கைவிடும் நிறுவனங்கள் கூடிவருகின்றன.

கூண்டு எலி எதையெல்லாம் மறந்துவிட்டிருக்கும் என்றும் மாணவர்கள் கேட்பதுண்டு. ஆய்வகங்களில் இன்றுள்ள எலிகளில் பெரும்பகுதி ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்க்கப்பட்ட வெள்ளை எலிகளின் வழிவந்தவை. ஆக்ஸ்ஃபோர்டின் மேனுவல் பெர்டாய் அப்படிப்பட்ட 75 ஆய்வக எலிகளைத் திறந்தவெளி அடைப்பு ஒன்றில் விட்டுப் படம்பிடித்தார். மண்ணையே பார்த்திராத அவை சீக்கிரமே நீர் தேடின, ஒதுங்க இடம் பிடித்தன, வளை தோண்டின, தடம் போட்டன, கூட்டத்துக்குள் மேல்கீழ் வகுத்துக்கொண்டன. அரை மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் படத்தைப் பார்த்த மாணவர், தோண்ட ஒன்றுமில்லாத தட்டைக் கூண்டைப் பழைய கண்ணோடு பார்க்க மாட்டார்.

ஆராய்ச்சி முறையைப் பாடப்புத்தகத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால் தூக்கம் வரும். ஒரு சோதனையைச் செய்ய வைத்தால் முறைகள் தாமாகவே தேவைப்படும். அதற்குத் தோதான ஒன்று, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலஃப் 1980-களில் செய்த தீனிச் சோதனை. கத்தி, ஊசி, மின்னதிர்ச்சி எதுவும் வேண்டாம். எலித்தீனிப் பொடியில் ஒரு பங்குக்குக் கோகோ, இன்னொரு பங்குக்கு லவங்கப்பட்டைத் தூள் கலக்கப்படுகிறது. ஓர் எலிக்கு ஒரு சுவையைத் தின்னக் கொடுத்துவிட்டு, தின்னாத தோழனோடு அரை மணி நேரம் விடுகிறார்கள். பிறகு தோழனின் முன் இரண்டு கிண்ணங்களையும் வைத்து, மறுநாள் எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். நண்பன் தின்றுவிட்டு வந்த சுவையையே தோழன் அதிகம் தின்றிருக்கும்.

சோதனை முடிந்தது என்று மாணவர்கள் நினைக்கும்போதுதான் வகுப்பு தொடங்குகிறது. எல்லா எலிகளுக்குமே கோகோ பிடிக்கும் என்றால்? பாதி எலிகளின் நண்பர்களுக்கு லவங்கப்பட்டை கொடுத்துப் பார்க்க வேண்டும். இடப்பக்கக் கிண்ணத்துக்கே போகும் பழக்கம் இருந்தால்? கிண்ணங்களை மாற்றி வைக்க வேண்டும். எந்த எலிக்கு எந்த நண்பன் என்று யார் முடிவு செய்வது? கைக்கு எளிதில் அகப்படும் சாதுவான எலிகளெல்லாம் ஒரே குழுவில் போய்ச் சேரும் ஆபத்து உண்டு என்பதால் சீட்டுக் குலுக்க வேண்டும். எலி பொடியைக் கீழே இறைத்திருந்தால் அது தின்ற கணக்கில் சேருமா? தராசில் நிறுப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரிந்திருக்கலாமா? கூடாது, ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதில்கூட ஆசை புகுந்துவிடும். நண்பனின் மீசையில் ஒட்டியிருந்த துணுக்கைத் தோழன் தின்றே பார்த்துவிட்டதோ? நடுவே கம்பி வலை வைத்துப் பார். இப்படி ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு ஏற்பாடாக, குலுக்கல் ஒதுக்கீடு, அடையாளம் மறைத்தல், ஒப்பீட்டுக் குழு எல்லாம் வந்து சேர்கின்றன.

நண்பனிடமிருந்து தோழனுக்குப் போவது என்ன என்பதையும் கேலஃபின் குழு தேடியது. எலியின் மூச்சில் கார்பன் டைசல்ஃபைடு என்ற வாயு சிறிதளவு உண்டு. அந்த வாசமும் உணவின் வாசமும் சேர்ந்து வந்தால் போதும், அந்த உணவு ஏற்கத்தக்கது என்று எலி கொள்கிறது. அடுத்த கேள்விக்கு மாணவர்கள் அநேகமாகத் தவறாகவே விடை சொல்வார்கள்: நண்பன் அந்த உணவைத் தின்று நோயுற்றிருந்தால் தோழன் அதை ஒதுக்குமா? ஒதுக்காது. நோயுற்ற நண்பனின் வாயை முகர்ந்துவிட்டு வந்த எலியும் அதே உணவைத்தான் நாடுகிறது. எலி தனக்கே வயிறு கெட்டால் அந்தச் சுவையை மறக்காது; அடுத்தவன் வயிற்றைப் பார்த்துப் பாடம் படிக்காது.

எலியின் உலகத்தில் மூக்குக்கு உள்ள இடத்தை மனிதர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பெங்களூருவிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உபிந்தர் பல்லாவின் குழு 2006-இல் காட்டியது இது: வாசனை இடப்பக்கமிருந்து வருகிறதா வலப்பக்கமிருந்தா என்பதை எலி ஒரே முகர்வில், 50 மில்லி விநாடியில் கண்டுகொள்கிறது. நமக்கு இரு காதுகள் செய்யும் வேலையை அதற்கு இரு நாசித் துவாரங்கள் செய்கின்றன. அப்படிப்பட்ட மூக்குக்கு முன்னால் மாணவர் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு நிற்பது சின்ன விஷயம் இல்லை.

பூசாவிட்டாலும் பிரச்சினை உண்டு. மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் ஆய்வகத்தில், சோதனை செய்பவர் அறையில் இருந்தால் எலிகளின் வலி அறிகுறி குறைகிறதே என்று வெகுநாள் பேச்சு இருந்தது. முறையாகச் சோதித்ததில், ஆண்கள் அருகில் இருந்தால் மட்டும் எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டின. ஆண் அணிந்த சட்டையை நாற்காலியில் போட்டுவைத்தாலே போதுமாக இருந்தது. ஆண் விலங்கின் வாசம் அவற்றை அச்சுறுத்துகிறது, அச்சத்தின் அழுத்தம் வலியை மழுங்கச் செய்கிறது. 2014-இல் இது வெளியானபோது, இதுவரை வந்த வலி ஆய்வுகளில் எத்தனையில் சோதித்தவர் ஆணா பெண்ணா என்று எழுதியிருக்கிறார்கள் என்ற சங்கடமான கேள்வி எழுந்தது.

அதற்கும் முன்னால், 1999-இல் ஜான் கிராப் குழுவினர் சுண்டெலிகளைக் கொண்டு இன்னும் பெரிய சங்கடத்தை உண்டாக்கியிருந்தார்கள். போர்ட்லாண்ட், எட்மன்டன், ஆல்பனி என மூன்று ஊர்களில் ஒரே மரபு வகை, ஒரே வயது, ஒரே மாதிரிக் கருவி, ஒரே நாளில் தொடக்கம். இருந்தும் சில சோதனைகளில் ஊருக்கு ஊர் முடிவு மாறியது. எட்மன்டனில் சோதித்தவருக்குச் சுண்டெலி ஒவ்வாமை கடுமையாக இருந்ததால் அவர் காற்று வடிகட்டும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தார் என்பதையும் அவர்கள் கட்டுரையிலேயே எழுதிவைத்தார்கள். அந்த நேர்மைக்காகவே அதை வகுப்பில் வைக்கலாம்.

காது, பாதம் வழியாகவும் எலி துப்பறியும். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1974-இல் கால்டெக் பட்டமளிப்பு உரையில் ஒரு கதை சொன்னார். யங் என்ற ஆய்வாளர் நீண்ட நடையில் வரிசையாகக் கதவுகள் வைத்து, எந்த இடத்தில் விட்டாலும் அங்கிருந்து மூன்றாவது கதவுக்கு எலி போகப் பழகுமா என்று பார்த்தாராம். எலியோ முன்பு தீனி இருந்த கதவுக்கே போனது. கதவுகளுக்கு ஒரே மாதிரி வண்ணம் பூசினார், வாசனையை மாற்றினார், வெளிச்சத்தை மறைத்தார், பலிக்கவில்லை. கடைசியில், தரையின் ஒலியைக் கொண்டே எலி இடமறிகிறது என்று கண்டுபிடித்து நடையை மணல்மேல் வைத்தார். அப்புறம்தான் எலி ஏமாந்தது. எலியைப் பற்றிப் புதிதாக எதையும் அந்த வேலை சொல்லவில்லை, ஆனால் எலிச்சோதனை செய்ய என்னென்ன தேவை என்று சொன்னது, அதைப் பின்வந்தவர்கள் கண்டுகொள்ளவே இல்லை என்பது ஃபைன்மனின் ஆதங்கம்.

எண்ணிக்கைப் பாடத்தில் ஒரு பொறி எல்லோரையும் பிடிக்கும். மூன்று தாய் எலிகளுக்கு மருந்து கொடுத்து, ஒவ்வொன்றும் எட்டுக் குட்டி போட்டால், 24 எலிகளில் சோதித்தேன் என்று மாணவர் எழுதுவார். ஒரே வயிற்றுக் குட்டிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். மருந்து போனது மூன்று தாய்களுக்கு, எனவே கணக்கு மூன்றுதான். ஆராய்ச்சி மாணவரின் முகம் வெளிறுவதைப் பார்க்க வேண்டுமானால் இறுதி ஆண்டில் இதைச் சொல்லலாம்; முதல் ஆண்டிலேயே சொல்வது கருணை.

இன்னொன்று பெண் எலி. பெட்டை எலிக்கு நான்கைந்து நாளுக்கொருமுறை இனப்பெருக்கச் சுழற்சி திரும்புவதால் முடிவுகள் தாறுமாறாகும் என்று சொல்லியே நரம்பியல் பல பத்தாண்டுகளாகக் கடுவன்களை வைத்து ஓடியது. அன்னலீஸ் பியரி, இர்விங் ஸக்கர் இருவரும் 2011-இல் கணக்கெடுத்தபோது, ஒரே பாலில் செய்யப்பட்ட நரம்பியல் ஆய்வுகளில் ஒரு பெண் ஆய்வுக்கு 5.5 ஆண் ஆய்வுகள் இருந்தன. 2016-இல் ஜில் பெக்கரின் குழு எலி ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது பெட்டைகளின் அளவீடுகள் கடுவன்களைவிடத் தாறுமாறாக இல்லை. யாரும் சரிபார்க்காத ஒரு காரணத்தை அத்தனை ஆய்வகங்களும் நம்பிக்கொண்டிருந்தன.

இத்தனையும் கற்க உயிருள்ள எலி வேண்டுமா என்ற கேள்வியை இப்போது எந்த வகுப்பும் தவிர்க்க முடியாது. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவில் பதிவு செய்யாத நிறுவனம் எலியைத் தொட முடியாது. நிறுவனத்துக்குள்ளும் ஒரு நெறிமுறைக் குழு ஒவ்வொரு திட்டத்தையும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் உட்கார்ந்திருப்பார். எத்தனை எலி, ஏன் அத்தனை, குறைத்தால் என்ன என்று அவர் கேட்பார். மாணவரிடம் பதில் இல்லாவிட்டால், பெரும்பாலும் சோதனை வடிவமே சரியில்லை என்றுதான் பொருள். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டாம் ஆலோவே முதலானோர் 1990-களில் ‘ஸ்னிஃபி’ என்ற கணினி எலியை உருவாக்கினார்கள். கம்பியை அழுத்தினால் தீனி விழும் ஸ்கின்னர் பெட்டிக்குள் அதற்குக் கம்பியை அழுத்தப் பழக்கலாம். தீனிச் செலவில்லை, கடிக்காது. கற்றல் விதிகளைச் சொல்லிக்கொடுக்க அது போதும். கைப்பழக்கம், வாசனை, தயங்கும் விரல் ஆகிய எதுவும் அதன் நிரலில் இல்லை.

அவையெல்லாம் ஒன்றுகூடிய ஆய்வு 2019-இல் பெர்லினிலிருந்து வந்தது. ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிரெக்டின் குழு எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்றுக்கொடுத்தது. 30 சதுர மீட்டர் அறை, ஆறு இளம் எலிகள். தீனி கிடையாது, கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்கப்பட்டாலும் பரிசு கிச்சுகிச்சும் விளையாட்டும்தான். கையைக் கண்டு மிரளும் எலியோடு இதைத் தொடங்கவே முடியாது. ஆறும் தேடக் கற்றன, ஐந்து ஒளியவும் கற்றன. தேடும்போது கீச்சிட்டவை ஒளிந்திருக்கும்போது மௌனமாக இருந்தன; கண்ணாடிபோன்ற பெட்டியை விட்டு ஒளி புகாத பெட்டியைத் தேர்ந்தெடுத்தன. கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் சில நேரம் ஓடிப்போய் மறுபடி ஒளிந்துகொண்டன, கிடைக்கவிருந்த பரிசைத் தாமே தள்ளிப்போட்டன. பரிசுக்காகப் பழகியது என்றால் எதற்குத் தள்ளிப்போட வேண்டும், எனவே இது விளையாட்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். மறுபக்கம் வாதிடுபவர், துரத்தப்படுவதே ஒரு பரிசாக இருக்கலாமே என்று கேட்கலாம். இரண்டில் எது என்று பிரித்துக் காட்ட ஒரு சோதனையை வடிவமைத்துக் கொண்டுவா, எலிகளின் எண்ணிக்கைக்குக் காரணம் எழுது, காணொளியைப் பார்த்துக் குறிப்பவருக்கு எந்த விவரத்தை மறைப்பாய் என்றும் சொல் என்று ஆசிரியர் கேட்டால், அந்தப் பருவத்துக்கு அதுவே போதுமான வீட்டுப்பாடம்.